இணைய வினாவிடைக் குழுமங்களில் மட்டுறுத்தல் முடிவை மறுக்கும் மொழி: நன்னூல் எழுமதம் வழி ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தில் இயங்கும் வினாவிடைக் குழுமங்களில் ஒரு வினாவை மூடவும் நீக்கவும் மட்டுறுத்துநர்க்கும் மூத்த உறுப்பினர்க்கும் அதிகாரம் உண்டு. அம்முடிவோடு உடன்படாதவர் தம் மறுப்பை எவ்வாறு மொழிகின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் நடைமுறை ஆய்வுக்களமாகவும், நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் எழுமதமும் அந்நூலின் பொதுவியலில் இடம்பெறும் வினா, விடை வகைகளும் ஆய்வுக்கருவிகளாகவும் கொள்ளப்பட்டுள்ளன. பணிவுச் சொற்களைக் காட்டிலும், எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் ஏற்று நின்று பின்னர்க் களையும் முறையே பயன் தருகிறது என்பதும், அம்முறையைக் கையாளும் சுமை தமிழ்வழிப் பயின்று ஆங்கிலத்தில் எழுதும் புதியவர் மீது கூடுதலாக விழுகிறது என்பதும் இதன் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: மட்டுறுத்தல், எழுமதம், வினா, விடை, தகுதி வழக்கு, குழூஉக்குறி

முன்னுரை

ஐயம் எழுப்புவோரும் ஐயம் அகற்றுவோரும் ஓர் அவையில் கூடும்போது, அங்கு எது கேட்கத்தக்கது என்பதை வரையறுக்கும் பொறுப்பு யாரிடமேனும் இருந்தாக வேண்டும். ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகியோர் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் இப்பொறுப்பு பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. 3000 நன்மதிப்புப் புள்ளிகள் பெற்ற உறுப்பினர் பிறருடைய வினாவை மூட வாக்களிக்கலாம். முன்னர் ஐந்து வாக்குகள் தேவைப்பட்டன. 2019இல் அத்தொகை மூன்றாகக் குறைக்கப்பட்டது. தேர்தல் வழி அமர்த்தப்படும் மட்டுறுத்துநர் தம் ஒரே வாக்கால் மூடிவிடவும் இயலும். மூடப்பட்ட வினாவிற்குப் புதிய விடை எழுத வழியில்லை. அதனை மீளத் திறக்கவும் வாக்குகளே வேண்டும். தளத்தின் நடைமுறையைப் பற்றி விவாதிப்பதற்கென்றே மெட்டா எனும் தனிப்பகுதி 2009 முதல் இயங்கிவருகிறது.

இத்தகைய பொருளை எடுத்துக்கொள்ளும் கட்டுரைகள் திருக்குறளின் இனியவை கூறல் அதிகாரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். இங்கு அது தவிர்க்கப்படுகிறது. இன்சொல் யாவர்க்கும் எக்காலத்தும் பொருந்தும் அறம். மூடப்பட்ட வினாவிற்கு உரியவர் எதிர்கொள்ளும் சிக்கலோ அதனினும் குறுகியது. தீர்ப்பு வந்துவிட்டது, தீர்ப்பளித்தவர் தவறியிருப்பதாக அவர் கருதுகிறார், தவறியவரே, அல்லது அவரை ஒத்த அதிகாரமுடையவரே, அதனை மாற்றவும் வேண்டும். இந்நிலைக்குரிய மொழியைத் தேடுவோர்க்கு நீதிநூல்களைவிட இலக்கணங்களும் அவற்றின் உரைகளும் மிகுதியும் உதவுகின்றன.

மறுப்பும் எழுமதமும்

பவணந்தி முனிவர் நன்னூல் பொதுப்பாயிரத்தில் நூலாசிரியன் கொள்ளத்தக்க நிலைப்பாடுகளை ஏழாகப் பகுக்கிறார். பிறர் கருத்தோடு உடன்படுதல், அதனை மறுத்தல், பிறர் கருத்தை முதலில் தானும் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி அதனை இறுதிவரை நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றனைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறவற்றோடு படாமல் தன் கொள்கையையே கொள்ளுதல் என்பன அவை. இவ்வேழும் நூல் செய்வார்க்குக் கூறப்பட்டவை என்பது உண்மையே. ஆயினும் இவற்றுள் உடன்படுதல் நீங்கலாக ஏனையவை ஏதோ ஒருவகையில் மாறுபாட்டை உணர்த்துவன. கருத்து மாறுபாட்டிற்கு இத்துணை வகைகளைத் தனித்தனியே பெயரிட்டுக் காட்டியிருப்பது கருதத்தக்கது. மறுத்தல் வேறு, மேற்கொண்டு களைதல் வேறு என்னும் பாகுபாடே இக்கட்டுரைக்கு அடிப்படை. முன்னது எதிரில் நின்று தடுப்பது. பின்னது எதிர்த்தரப்பினரோடு சிறிது தொலைவு நடந்து, அவர் வழி எவ்விடத்தில் முடிந்துவிடுகிறது என்று காட்டுவது.

உரையாசிரியர்கள் இவ்வேறுபாட்டை நடைமுறையில் நன்கறிந்திருந்தனர். பரிமேலழகர் தமக்கு முந்திய உரையைத் தள்ளுமிடங்களில் அதனை உரைத்தவர் பெயரைப் பெரும்பாலும் சுட்டுவதில்லை. அவ்வாறு உரைப்பாரும் உளர் என்னும் வாய்பாட்டோடு நிறுத்திப் பின் காரணம் காட்டுவார். கருத்து முன்னே வந்து நிற்க, அதனைச் சொன்னவர் பின்னே ஒதுங்கிவிடுகிறார். சேனாவரையர் இளம்பூரணரோடு பல இடங்களில் மாறுபட்டபோதிலும் அவரை உரையாசிரியர் எனும் சிறப்புப் பெயராலேயே சுட்டுகிறார். மரபு முழுவதும் இத்தகைய அமைதியுடையது என்று கொள்ளுதல் பிழையாகும். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுக்கச் சிவஞான முனிவர் எழுதிய நூலின் பெயர் இலக்கண விளக்கச் சூறாவளி. பெயரே அதன் நடையைச் சொல்லிவிடும். எனினும் முனிவர் தம் மறுப்பைத் தேசிகர் ஏற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும் என எதிர்பார்த்து எழுதவில்லை. கற்றோர் முன் அந்நூலை வீழ்த்துவதே அவர் நோக்கம். மூடப்பட்ட வினாவைத் திறக்க விழைபவர்க்குச் சூறாவளி உதவாது. மூடியவர் கையிலேயே திறவுகோலும் இருக்கிறது.

ஒரு வினா, மூன்று மறுப்புகள்

விளக்கத்தின் பொருட்டு ஒரு நிகழ்வு இங்குக் கற்பிக்கப்படுகிறது. பைத்தான் நிரல்மொழி பயிலும் தமிழ் மாணவர் ஒருவர், ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கணினி ஐந்து என்று காட்டுவது ஏன் என வினவுகிறார். எழுத்துகள் மூன்றே. ஆனால் ஒருங்குறியில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீட்டுப் புள்ளிகளாகச் சேமிக்கப்படுகிறது. நிரல் எண்ணுவது அப்புள்ளிகளை. மூவர் வாக்களித்து, இது முன்னரே கேட்கப்பட்ட ஒரு வினாவின் நகல் என்று கூறி மூடிவிடுகின்றனர். அம்முந்தைய வினாவோ மேற்குறி ஏற்ற பிரெஞ்சு எழுத்தைப் பற்றியது. அதற்கு அளிக்கப்பட்ட விடை, எழுத்தையும் மேற்குறியையும் ஒரே புள்ளியாக இணைக்கும் இயல்பாக்க முறையைப் பயன்படுத்துக என்பது. பிரெஞ்சு எழுத்திற்கு அவ்வாறு இணைந்த வடிவம் ஒருங்குறியில் உண்டு. ‘மி’ என்னும் உயிர்மெய்க்குத் தனிப்புள்ளி இல்லாமையால் இயல்பாக்கிய பின்னும் நீளம் ஐந்தாகவே நிற்கும். எழுத்துத் திரள்களாகப் பகுத்து எண்ணினால் மட்டுமே மூன்று கிடைக்கும். ஆகவே மூடியவர்கள் தவறினர்; ஆயினும் அவர்கள் தவறியது நியாயமான தவறு. இரு வினாக்களும் மேலோட்டமாக ஒன்றுபோலவே தோன்றும். தமிழ் எழுத்தமைப்பை அறியாதவர் அவற்றை வேறுபடுத்தற்குக் காரணமே இல்லை.

மாணவர் மூன்று வகையாக எழுதக்கூடும். முதல் வகை: “இது நகல் இல்லை. மூடுவதற்கு முன் என் கேள்வியை முழுதாகப் படித்தீர்களா?” இதன் முதல் தொடர் உண்மை. இரண்டாம் தொடரே வினாவைத் திறக்கவிடாமல் செய்வது. படித்தேன் என்பதும் படிக்கவில்லை என்பதும் அல்லாமல் அதற்கு வேறு விடை இல்லை. இரண்டுமே மூடியவரைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளிவிடும். பேச்சு எழுத்தெண்ணிக்கையை விட்டு மூடியவரின் கவனத்தைப் பற்றியதாக மாறும்.

இரண்டாம் வகை தமிழர்க்கு நெருக்கமானது: “மதிப்பிற்குரிய ஐயா, நான் புதியவன். தவறு இருந்தால் மன்னிக்கவும். தயவுகூர்ந்து என் கேள்வியைத் திறந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இது மனுவின் நடை. வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் கல்லூரி முதல்வர்க்கும் எழுதிப் பழகிய கைக்கு இந்நடையே முதலில் வரும். குறையேதும் இல்லாப் பணிவு இதில் உண்டு. காரணம் மட்டும் இல்லை. மனு அருளை வேண்டுவது. மீள்திறப்போ அருளால் நிகழ்வதன்று; வாக்களிப்பவர் தம் வாக்கிற்குரிய காரணத்தைத் தேடுகிறார். மேலும், தவறு தன்னுடையதாக இருக்கலாம் என மாணவரே ஒப்புக்கொள்வதால் மூடியவர் தம் முடிவு சரியே என்று கொண்டு நகர்ந்துவிடவும் கூடும். இவ்வகை மறுப்பை மறுப்பென்று கூறுவதே அரிது.

மூன்றாம் வகை: “இணைத்துக் காட்டிய வினாவின் விடையைச் செய்து பார்த்தேன். பிரெஞ்சு எழுத்திற்கு ஒன்று என்று சரியாக வந்தது. ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு இயல்பாக்கிய பின்னும் ஐந்தே வருகிறது; ‘மி’க்கு இணைந்த வடிவம் ஒருங்குறியில் இல்லை. இவ்வேறுபாட்டை வினாவிலும் இப்போது சேர்த்திருக்கிறேன். அவ்விடை இதற்கும் பொருந்துமோ, வேறு வழி வேண்டுமோ?” இதில் ‘மன்னிக்கவும்’ இல்லை, ‘ஐயா’ இல்லை. மூடியவர் தவறினார் என்ற தொடரும் இல்லை. அவர் முடிவு மெய்யானால் என்ன விளைய வேண்டுமோ அது விளையவில்லை என்பது மட்டும் உள்ளது. பவணந்தியார் கூறும் மேற்கொண்டு களைதல் இதுவே. முந்தைய விடையை உண்மையிலேயே செய்து பார்க்காதவர் இப்பத்தியை எழுத இயலாது என்பதையும் குறிக்க வேண்டும். ஆதலின் இம்முறை நாகரிகத்திற்காகப் பூசப்படும் மேற்பூச்சன்று. மறுப்பவர் தம் மறுப்பைத் தாமே சோதித்துக்கொள்ளும் வழியும் ஆகும். சோதனையில் மூன்று என்றே வந்திருந்தால், மறுப்பதற்கு எதுவும் எஞ்சியிராது.

வினாவின் வகையும் விடையின் வகையும்

நன்னூல் பொதுவியல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக்கும். மேற்காட்டிய முதல் வகையில் வரும் ‘படித்தீர்களா’ என்பது விடை அறிந்தே கேட்கும் அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் கேட்பதற்குரியது அது. மாணவர் ஆசிரியர் இருக்கையில் அமர்ந்து கேட்கும்போது பொருள் சரியாயினும் இடம் பிறழ்கிறது. மட்டுறுத்துநரும் இதிலிருந்து விலக்கன்று. புதியவரை நோக்கி அவர் எழுதும் “உதவிப் பக்கத்தைப் படித்தீர்களா?” என்பது வடிவில் வினா, பொருளில் போய்ப் படி எனும் ஏவல். மூன்றாம் வகையின் இறுதியில் நிற்பது ஐய வினா. ஓகாரம் இரு பக்கத்தையும் திறந்து வைக்கிறது. கேட்டவர்க்கு ஐயம் சிறிதளவேனும் உண்மையாக இருந்தால்தான் அது பொய்ம்மை இல்லாமல் ஒலிக்கும்.

விடைப் பகுதி இன்னும் பயனுடையது. நன்னூல் கூறும் எண்வகை விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேர்விடைகள். ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாகுபவை. ஆடுவாயா என்று கேட்டவர்க்குக் கால் வலித்தது என்று கூறுவதனை உற்றது உரைத்தலுக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளி நூல்களும் தருகின்றன. ஆடமாட்டேன் என்ற மறை அங்குச் சொல்லப்படவில்லை; எனினும் கேட்டவர்க்கு விடை கிடைத்துவிடுகிறது. ‘இது நகலன்று’ என்பது மறை. ‘செய்து பார்த்தேன், ஐந்தே வந்தது’ என்பது உற்றது உரைத்தல். இரண்டின் உள்ளீடும் ஒன்றே. முன்னதை ஏற்பதானால் மூடியவர் தோற்றாக வேண்டும். பின்னதில் மறையை வருவித்துக்கொள்பவர் அவரே; அம்முடிவுக்குத் தாமே வந்ததாக அவர் கருதுவதற்கு இடமிருக்கிறது. வினாவுக்கு வினாவே விடையாதலைத் தொல்காப்பியக் கிளவியாக்கமும் ஏற்கிறது. மறைமொழியை ஒளிப்பாகக் கருதாமல் முழு விடையாகவே இலக்கணம் எண்ணியிருப்பதை இன்றைய பயன்வழி மொழியியலார் கூடுதலாகக் கவனிக்கலாம்.

இனி, எங்கே மறுப்பது என்பது. மூடப்பட்ட வினாவின் கீழேயே, மூடியவர் பெயரைக் குறித்துக் கருத்து எழுத இயலும். வினாவைத் திருத்தி மீள்திறப்பு மதிப்பாய்வு வரிசைக்கு அனுப்பவும் இயலும். மூன்றாவதாக மெட்டாவிற்குக் கொண்டுசெல்லலாம். புதியவர் பலர் முதலிலேயே மெட்டாவிற்குச் செல்கின்றனர். அங்கு அனுபவமிக்க உறுப்பினர் பலரின் பார்வை ஒரே நேரத்தில் அவ்வினாவின் மீது விழுகிறது. நல்ல வினாவானால் விரைவில் திறக்கப்படும், குறையுடையதானால் எதிர்வாக்குகள் குவியும். மெட்டா விளைவு என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது. ஆகவே முதலில் வினாவைத் திருத்துவதும், அதன்பின் மூடியவரிடம் கேட்பதும், இறுதியில் அவைக்குச் செல்வதும் தக்க வரிசை. அவைக்குச் செல்லும்போதும் “என் வினா ஏன் மூடப்பட்டது?” என்பதினும் “எழுத்தமைப்பு வேறான மொழிகளைப் பற்றிய வினாக்களை நகல் எனக் கொள்ளலாமா?” என்பது பயனுடையது. பின்னதற்குக் கிடைக்கும் விடை அடுத்து வரும் மலையாள, வங்க மாணவர்க்கும் உதவும்.

மூடுவோரின் மொழி

மறுப்பவரின் மொழியை மட்டும் ஆராய்ந்து நிறுத்துவது ஒருதலைப்பட்சமாகும். மூடல் அறிவிப்பின் சொற்களும் காலந்தோறும் மாறியுள்ளன. தொடக்கக் காலத்தில் ‘உண்மையான வினா அன்று’, ‘ஆக்கபூர்வமானதன்று’ எனும் பொருள்பட்ட காரணங்கள் இருந்தன. 2013இல் அவை கைவிடப்பட்டு, என்ன கேட்கிறீர்கள் என்பது தெளிவாக இல்லை என்பது போன்ற காரணங்கள் வந்தன. 2019இல் அதுவும் மாறி, விவரமோ தெளிவோ தேவை என்றாயிற்று. மூன்று நிலைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் பெயர்ச்சி புலப்படும். முதலாவது வினாவின் இருப்பையே மறுக்கிறது. இரண்டாவது கேட்டவரின் குறையைச் சுட்டுகிறது. மூன்றாவது இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறது. நன்னூல் விடைவகையில் கூறுவதானால், மறையிலிருந்து ஏவலுக்கு வந்திருக்கிறது. தளத்தின் அதிகாரத் தரப்பு தன் மொழியை ஆறு ஆண்டுகளில் இருமுறை திருத்திக்கொண்டது, பழைய சொற்களின்மேல் எழுந்த மனக்குறைகளுக்கு நியாயம் இருந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

அதிகாரத்தில் இருப்பவரே மறுப்பவராக மாறிய நிகழ்வும் உண்டு. சாட்ஜிபிடி எழுதும் விடைகளுக்கு 2022 டிசம்பரில் தளம் தடை விதித்தது. 2023 மே இறுதியில், அத்தகைய விடைகள் என்னும் ஐயத்தின்பேரில் பதிவுகளை நீக்குவதை மட்டுறுத்துநர் பெரிதும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என நிறுவனம் பணித்தது. கண்டறியும் கருவிகள் தவறிழைப்பதால் குற்றமற்ற உறுப்பினரும் தண்டிக்கப்படுகின்றனர் என்பது நிறுவனத்தின் வாதம். கருவிகள் நம்பத்தக்கவை என்று மட்டுறுத்துநர் தரப்பு வாதிடவில்லை. அவற்றை மட்டும் கொண்டு தாம் முடிவெடுப்பதில்லை என்றே கூறியது. எதிர்த்தரப்பின் அடிப்படையை ஏற்றுக்கொண்டு களையும் முறை இங்கும் காணப்படுகிறது. ஆயினும் அது மட்டும் போதவில்லை. ஜூனில் அவர்கள் பணிநிறுத்தம் தொடங்கினர். பேச்சுவார்த்தைக்குப் பின் ஆகஸ்டில் அது முடிவுற்றது. நயமான சொல்லின் எல்லை எது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. கேட்கும் செவி இருந்தால்தான் உற்றது உரைத்தலும் விடையாகும். மட்டுறுத்துநர்க்குக் கைவிடுவதற்கு ஒரு பணி இருந்தது. வினா மூடப்பட்ட மாணவர்க்கு அதுவும் இல்லை.

நீக்கப்படும் வணக்கமும் தமிழ் மாணவரும்

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிற்குப் போர்த்துகீசியம், ரஷ்யன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனித்தளங்கள் உண்டு, தமிழில் இல்லை. தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். அவர் வினாவின் தொடக்கத்தில் இடும் வணக்கத்தையும் இறுதியில் இடும் நன்றியையும் பிற உறுப்பினர் நீக்கிவிடுகின்றனர். வினா பின்னர் வருவோர்க்கும் பயன்பட வேண்டிய ஆவணம். ஆதலால் கடிதத்திற்குரிய கூறுகள் அதில் வேண்டா என்பது தளத்தின் கொள்கை. கொள்கையில் பிழையில்லை. ஆனால் ஒருவரைக் குறிக்கப் பன்மையை ஆளும் உயர்சொல் வழக்கைத் தொல்காப்பியமே பதிவுசெய்திருக்கும் மொழியில் வளர்ந்தவர்க்கு, தாம் இட்ட வணக்கம் அழிக்கப்பட்டிருப்பது வாயிலில் திருப்பியனுப்பப்பட்டது போலத் தோன்றும். அதே நாளில் வினாவும் மூடப்பட்டால் இரண்டையும் சேர்த்தே அவர் அவமதிப்பாகக் கொள்கிறார்.

இதனோடு குழூஉக்குறியும் சேர்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும் வழங்கியதை நன்னூல் உரைகள் தகுதி வழக்கின்பாற்படுத்துகின்றன. நகலைக் குறிக்கும் சுருக்கச்சொல்லும், தங்கப் பதக்கம் பெற்றவர் தனி ஒருவராகவே நகல் என மூடும் உரிமையைக் குறிக்கும் ‘சுத்தியல்’ எனும் சொல்லும் இத்தகையனவே. உள்ளிருப்போர்க்கு அவை வேலைச்சொற்கள். தம் வினாவின்மேல் சுத்தியல் விழுந்தது என்று படிக்கும் புதியவர்க்கு அவ்வாறு இரா. அவர் சினந்து எழுதினால் முதல் வகை மறுப்பும், அஞ்சி எழுதினால் இரண்டாம் வகை மறுப்பும் பிறக்கின்றன. மூன்றாவதற்கு மொழியறிவும் ஓரளவு தன்னம்பிக்கையும் குழுமத்தின் வழக்கறிவும் வேண்டும். யாரிடம் இவை குறைவோ அவரிடமே நயம் எதிர்பார்க்கப்படுகிறது. சரியான மறுப்பு கரடுமுரடாக வந்தாலும் அதிலுள்ள காரணத்தை எடுத்துக்கொள்வது மூடுவோரின் கடமையாதல் வேண்டும். மேற்காட்டிய முதல் வகை மறுப்பிலும் ‘இது நகல் இல்லை’ என்ற உண்மை இருக்கத்தான் செய்தது.

கணினித்தமிழ்த் தாள்களில் நிரலாக்கமும் ஒருங்குறியும் கற்பிக்கும் துறைகள், மூடப்பட்ட தமிழெழுத்து வினா ஒன்றனை வகுப்பில் கொடுத்து அதற்கு மீள்திறப்பு வேண்டுகோள் எழுதச் செய்யலாம். எழுமதம் பாயிரப் பாடத்திலும், விடைவகை சொல்லதிகாரப் பாடத்திலும் முன்னரே உள்ளன. மாணவர் எழுதியவற்றுள் ‘தயவுகூர்ந்து’ எனும் சொல்லை அடித்துவிட்டு, அவ்விடத்தில் என்ன செய்து பார்த்தார் என்பதை எழுதச் சொல்வதிலிருந்து அப்பயிற்சி தொடங்கலாம்.